பறக்கும் முன்னே உடைந்தால் பொறுப்பு யாருடையது?

ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானத்தை இன்று 'ட்ரோன்' என்ற பெயராலேயே யாவரும் அறிவர். வயலில் மருந்து தெளிக்கவும், நிலத்தை அளக்கவும், பாலங்களையும் மின்கம்பிகளையும் சோதிக்கவும், திருமண ஊர்வலத்தை வானிலிருந்து படம் பிடிக்கவும் அது பயன்படுகிறது. தில்லியிலோ மும்பையிலோ புனேயிலோ தொழில் நடத்தும் ஓர் அன்பருக்கு அது விளையாட்டுப் பொருளன்று. குடும்பத்துக்குச் சோறு போடும் கருவி. அதன் விலையும் சிறிதன்று. ஆகவே, அதை வாங்கும்போது விற்பனையாளர், "பாதுகாப்புத் திட்டத்தையும் சேர்த்து எடுத்துக் கொள்கிறீர்களா?" என்று கேட்டால், வாங்குபவர் மேலும் ஒரு தொகை செலுத்தி அதையும் எடுத்துக் கொள்கிறார். இனி எங்கே, எவ்வாறு சேதம் நேர்ந்தாலும் கவலையில்லை என்று எண்ணியும் விடுகிறார்.

அவ்வெண்ணம் சரிதானா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். குறிப்பாக, அக்கருவி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சரக்காகப் பயணம் செய்கையில் பெட்டிக்குள்ளேயே உடைந்து போனால், அந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டியவர் யார்?

விடையை முதலிலேயே சொல்லி விடலாம். பாதுகாப்புத் திட்டம் என்பது கருவியைப் பயன்படுத்தும்போது நேரும் விபத்துக்காக ஏற்பட்டது. பயணத்தில் நேரும் சேதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவை வேறு மூன்று ஏடுகள்: விற்பனை ஒப்பந்தம், சரக்குச் சீட்டு, சரக்குக் காப்பீட்டுப் பத்திரம். இம்மூன்றையும் பாராமல், பாதுகாப்புத் திட்டம் ஒன்றையே நம்பியிருப்பவர் தம் கைப்பொருளை இழக்க நேரிடும்.

'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லின் நிழலில் நான்கு வெவ்வேறு ஏற்பாடுகள் வழங்கி வருகின்றன. அவற்றை முதற்கண் பிரித்தறிதல் நலம். முதலாவது, உத்தரவாதம். கருவியைச் செய்தவரின் குறையால் பழுது ஏற்பட்டால், அதை அவரே சரி செய்து தருவதாகக் கூறும் வாக்குறுதி அது. கீழே விழுந்து உடைந்தால் உத்தரவாதம் உதவாது. இரண்டாவது, பாதுகாப்புத் திட்டம். விழுதல், மோதுதல், நீரில் மூழ்குதல் போன்ற, பயன்படுத்துவோர் கையில் நேரும் விபத்துகளுக்கு உரியது அது. மூன்றாவது, மூன்றாம் நபர் காப்பீடு. நம் நாட்டில் 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. 250 கிராமுக்கு மேற்படாத 'நானோ' வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் கருவியால் பிறருக்கு ஊறு நேர்ந்தால் அவருக்கு ஈடு கொடுப்பதற்காக ஏற்பட்டது இது. நம் கருவி உடைந்தால் அதற்கு ஒரு காசும் இதிலிருந்து வராது. நான்காவது, சரக்குக் காப்பீடு. பொருள் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லும் பயணத்தில் நேரும் இழப்புக்கு ஈடு தருவது இது ஒன்றே.

பாதுகாப்புத் திட்டத்துக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சீனாவின் ஷென்ஜென் நகரில் 2006இல் தொடங்கப்பெற்ற டி.ஜே.ஐ. நிறுவனம் ட்ரோன் தொழிலில் உலகப் புகழ் பெற்றது. அது 'கேர் ரிஃப்ரெஷ்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை விற்கிறது. மோதலாலோ நீராலோ கருவி கெட்டால், குறிப்பிட்ட ஒரு கட்டணத்தைச் செலுத்தி மாற்றுக் கருவியைப் பெற்றுக் கொள்ளலாம் என்பதே அதன் சாரம். மாற்றுக் கருவியைப் பெறுவதும் வரம்பில்லாத உரிமையன்று. திட்டக் காலத்துக்குள் இத்தனை முறை என்ற கணக்கு உண்டு. புதிய கருவியுடன் சேர்த்தோ, கருவியை முதன்முறை இயக்கிப் பதிவு செய்தபின் குறுகிய காலத்துக்குள்ளோ திட்டத்தில் சேர வேண்டும். பிற நிறுவனங்களின் திட்டங்களும் ஏறக்குறைய இதே அமைப்பைக் கொண்டவை.

இவ்வமைப்பைக் கூர்ந்து நோக்கினால், பயணச் சேதம் ஏன் அதற்குப் புறம்பாக நிற்கிறது என்பது தானே விளங்கும். திட்டத்தின் காலம் பெரும்பாலும் கருவி இயக்கிப் பதிவு செய்யப்பட்ட நாளில் தொடங்குகிறது. பெட்டியில் இருக்கும்போதே உடைந்த கருவி அந்த நாளையே காணவில்லை. இது ஒரு காரணம். சரக்கு விமானத்திலோ கிடங்கிலோ இருக்கும் கருவி, உரிமையாளரின் கையிலும் இல்லை, திட்டத்தை விற்றவரின் கையிலும் இல்லை. மூன்றாமவராகிய சரக்கு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அவருடைய கவனக்குறைவுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இது மற்றொரு காரணம். ஆதலின், 'சாதாரணப் பயன்பாட்டில் நேரும் விபத்து' என்ற சொற்றொடர் ஒரு திட்டத்தின் விதிகளில் காணப்படுமாயின், அதற்குள் கப்பல் பயணமும் விமானப் பயணமும் அடங்கும் என்று நாமாகப் பொருள் செய்து கொள்ளலாகாது. 'அனுப்புகையில் நேரும் சேதமும் உட்படும்' என்று எழுத்தில் இருந்தால் உண்டு; இல்லையேல் இல்லை.

இவ்விடத்தில், அயல்நாட்டில் உறவினரை உடையவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்கும் தமையனாரோ மைத்துனரோ அன்பளிப்பாக ஒரு ட்ரோனை அனுப்பி வைப்பதாகச் சொல்லலாம். ஆனால், 2022 பிப்ரவரி 9 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கை, முழுமையாகவோ, பகுதிகளாகப் பிரித்துப் பூட்டத்தக்க நிலையிலோ வரும் ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்துள்ளது. அரசு அமைப்புகள், அரசின் அங்கீகாரம் பெற்ற கல்வி, ஆராய்ச்சி நிலையங்கள், ஆராய்ச்சிக்காகத் தருவிக்கும் ட்ரோன் உற்பத்தியாளர்கள், பாதுகாப்புத் துறைத் தேவைகள் ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதியின் பேரில் விலக்கு உண்டு. உதிரி உறுப்புகளுக்கு இத்தடை இல்லை. எனவே, தடையை மீறி வரும் கருவியைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினால் அது 'பயணச் சேதம்' ஆகாது. எந்தத் திட்டமும் எந்தக் காப்பீடும் அதற்கு ஈடு தரா. உறவினரின் அன்பு பெரிது; ஆயினும், அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுவது அவருக்கும் நமக்கும் நல்லது.

அவ்வாறாயின், நம் நாட்டவர்க்கு இப்பிரச்சினை எங்கே எழுகிறது? இங்கே செய்த கருவியை அயல்நாட்டுக்கு விற்கும்போது எழுகிறது. படப்பிடிப்புக்காகவோ நில அளவைக்காகவோ கருவியை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லும்போது எழுகிறது. ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு உண்டு. எனினும் 2023 ஜூன் மாதத்தில், 25 கிலோமீட்டருக்கு மேற்படாத தூரம் பறந்து, 25 கிலோவுக்கு மேற்படாத சுமையை எடுத்துச் செல்லும் பொதுமக்கள் பயன்பாட்டு ட்ரோன்களுக்கு அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆகவே, சிறிய பட்டறைகளும் வெளிநாட்டு வாணிபத்தில் இறங்க வழி பிறந்திருக்கிறது. வாணிபம் பெருகப் பெருக, வழியில் உடையும் பெட்டிகளும் பெருகுவது இயல்பே.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து கொள்வோம். பெங்களூரில் ஒரு சிறு பட்டறை, சிங்கப்பூரில் உள்ள ஒருவருக்கு 3,00,000 ரூபாய் விலையுள்ள ட்ரோன் ஒன்றை விமானச் சரக்காக அனுப்புகிறது. பெட்டியுடன் அதன் எடை 10 கிலோ. வழியில் எவரோ பெட்டியைக் கீழே போட்டுவிட்டனர். கருவியின் கைகள் முறிந்தன, படக்கருவி நொறுங்கியது, முழு நஷ்டம். விமான நிறுவனம் தவற்றை ஒப்புக் கொள்கிறது. அப்படியானால் 3,00,000 ரூபாயும் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. சர்வதேச விமானச் சரக்கைப் பற்றிய சட்டம் பொருளின் விலையைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. 1929இல் வார்சா நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையே இம்முறையைத் தொடங்கி வைத்தது. விமானத் தொழில் அப்போது தவழும் குழந்தையாக இருந்தது. ஒரே விபத்தில் ஒரு நிறுவனம் அழிந்து போகாதிருக்க, பொறுப்புக்கு ஓர் உச்ச வரம்பு தேவைப்பட்டது. அதன் வழித்தோன்றலே 1999 மே 28 அன்று கனடாவின் மான்ட்ரியால் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. இந்தியாவில் அது 2009 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரும் அதில் சேர்ந்த நாடே. அதன்படி, சரக்குக்கு உரிய உச்ச வரம்பு கிலோ ஒன்றுக்கு இத்தனை அலகு என்று குறிக்கப்பட்டுள்ளது. அவ்வலகு, சர்வதேச நாணய நிதியம் டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களின் மதிப்பைக் கலந்து கணக்கிடும் 'சிறப்பு எடுப்பு உரிமை' என்பதாகும். தொடக்கத்தில் கிலோவுக்கு 17 அலகாக இருந்த வரம்பு, 2009 டிசம்பர் 30 முதல் 19 ஆகவும், 2019 டிசம்பர் 28 முதல் 22 ஆகவும், 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆகவும் உயர்த்தப்பட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 10 கிலோவுக்கு 260 அலகு. ஓர் அலகின் மதிப்பு நாள்தோறும் மாறுவது. ஏறத்தாழ 120 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 260 அலகுக்கு 31,200 ரூபாய். 3,00,000 ரூபாய் பெறுமானமுள்ள பொருளுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு! அரிசி மூட்டைக்கு இவ்வரம்பு பெருங்குறையாகத் தோன்றாது. எடை குறைந்து விலை மிகுந்த ட்ரோனுக்கோ, இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இவ்வரம்பைக் கடக்க உடன்படிக்கையே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. பொருளை ஒப்படைக்கும்போதே அனுப்புபவர் அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் செலுத்திவிட்டால், அறிவித்த தொகை வரை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஏர்வே பில்' எனப்படும் வான்வழிச் சரக்குச் சீட்டில் மதிப்பைக் குறிக்க இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று சுங்கத்துக்கான மதிப்பு. மற்றொன்று சரக்குப் போக்குவரத்துக்கான மதிப்பு. முதற்கட்டத்தில் 3,00,000 ரூபாய் என்று எழுதியதனாலேயே பொறுப்பு வரம்பு உயர்ந்துவிடாது. இரண்டாம் கட்டத்தில் 'மதிப்பு அறிவிக்கப்படவில்லை' என்றிருந்தால், எடைக் கணக்கே செல்லும். அஞ்சல் வழி அனுப்பும் பொதிகளுக்கு இவ்வுடன்படிக்கை நேரே பொருந்தாது என்பதையும், அவற்றுக்கு அஞ்சல் துறையின் விதிகள் தனியே உண்டு என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

மற்றொரு வழியும், பலருக்கும் உகந்த வழியும், சரக்குக் காப்பீடு எடுப்பது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மாநகரில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் முதலாளிகளும் வணிகரும் கூடிப் பேசிய பேச்சிலிருந்து வளர்ந்த தொழில் இது. கடலைப் பற்றிப் பிறந்த அந்த விதிகளே இன்று வானையும் தழுவி நிற்கின்றன. நம் நாட்டில் 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. லண்டனில் வகுக்கப்பெற்ற பொது விதித் தொகுதிகளே பத்திரங்களில் பெரிதும் வழங்குகின்றன. அவற்றுள் 'ஏ' தொகுதி, விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லா இடர்களுக்கும் உரியது. 'பி', 'சி' தொகுதிகளோ, பெயர் சொல்லிக் குறித்த சில இடர்களுக்கு மட்டுமே உரியவை. விமானச் சரக்குக்கு 'ஏ' தொகுதியை ஒத்த தனித் தொகுதி உண்டு. பிரீமியம் குறைகிறதே என்று 'சி' தொகுதியை எடுத்தவர், ஏற்றி இறக்குகையில் பெட்டி விழுந்து உடைந்தால் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

எல்லா இடர்களுக்கும் உரிய பத்திரத்திலும் விலக்குகள் உண்டு. பொதி கட்டியதில் குறை இருந்து அதனால் சேதம் நேர்ந்தால் ஈடு இல்லை. பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றத்தால் கெட்டால் ஈடு இல்லை. காலதாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு ஈடு இல்லை. இவற்றுள் முதலாவது ட்ரோனுக்கு மிக முக்கியம். அதன் படக்கருவி, 'கிம்பல்' எனப்படும் மெல்லிய சுழல் தாங்கியில் தொங்குகிறது. அதைப் பூட்டி நிறுத்தும் காப்புறையைக் கழற்றிவிட்டு அனுப்பினால், பயணத்தின் அதிர்ச்சியே அதை முறிக்கப் போதும். உற்பத்தியாளர் கொடுத்த பெட்டியும் அதன் அச்சுப் பஞ்சும் வெளிநாட்டுப் பயணத்துக்கு உரிய உட்பெட்டி மட்டுமே. அதைச் சுற்றி இடைவெளி விட்டு, மெத்தை கொடுத்து, உறுதியான வெளிப்பெட்டி ஒன்றில் வைத்தல் வேண்டும். பொதி கட்டும் ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து வைத்தால், பின்னர் 'பொதி சரியில்லை' என்ற மறுப்பு எழும்போது அதுவே நம் சாட்சி.

காப்பீட்டுச் சட்டத்தின் உயிர் வாய்மை. பெறுபவர் சுங்க வரியை மிச்சப்படுத்த வேண்டும் என்று 3,00,000 ரூபாய்ப் பொருளை 1,00,000 என்று எழுதுவது சட்ட விரோதம். அன்றியும், அது நம்மையே அழிக்கும் செயல். மதிப்பில் ஒரு பகுதிக்கே காப்பீடு எடுத்தவர், எஞ்சிய பகுதிக்குத் தாமே காப்பீட்டாளர் என்று சட்டம் கருதும். நஷ்டத்திலும் அவ்வளவு பங்கு அவர் தலையில் விழும். மறைத்த செய்தி பெரிதாயின் பத்திரமே செல்லாமற் போகலாம்.

வாய்மை வேண்டப்படும் மற்றொன்று மின்கலம். ட்ரோனின் லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடியது. ஆதலால் அது அபாயகரமான சரக்குகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 2016 ஏப்ரல் 1 முதல், தனியே அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றலாகாது. சரக்கு விமானத்திலும் அவை நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் மின்னேற்றம் பெற்றிருக்கலாகாது. உப்பிய மின்கலத்தையும் அடிபட்ட மின்கலத்தையும் வானில் அனுப்பவே கூடாது. 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதி மின்கலத்தை உள்ளே மறைத்து அனுப்புபவர், காப்பீட்டை இழப்பதோடு பிறர் உயிருக்கும் உலை வைக்கிறார்.

இனி விற்பனை ஒப்பந்தம். பொருள் எந்த இடத்தில், எந்தக் கணத்தில் விற்றவரின் பொறுப்பை விட்டு வாங்கியவரின் பொறுப்புக்கு மாறுகிறது என்பதைக் கூறுவது அதுவே. நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லையேல், வாங்கியவருக்குச் சேர்ப்பிப்பதற்காகச் சரக்கு நிறுவனத்திடம் ஒப்படைத்ததே, வாங்கியவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கருதப்படும். அஃதாவது, வழியில் உடைந்தால் நஷ்டம் வாங்கியவரைச் சாரக்கூடும். வெளிநாட்டு வாணிபத்தில், பாரிஸ் நகரிலுள்ள சர்வதேச வர்த்தக சங்கம் 1936 முதல் வெளியிட்டு வரும் 'இன்கோடெர்ம்ஸ்' என்ற குறியீடுகள் இதைத் தெளிவு செய்கின்றன. அவற்றின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 'சி.ஐ.பி.' என்ற முறையில் விற்பவர், ஒப்பந்த விலையின் 110 சதவீதத்துக்குக் குறையாமல், 'ஏ' தொகுதி அளவுக்கு, வாங்குபவரின் நலத்துக்காகக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். கப்பல் வாணிபத்துக்குரிய 'சி.ஐ.எஃப்.' முறையிலோ 'சி' தொகுதியே போதும். 'டி.ஏ.பி.' முறையில் குறித்த இடம் சேரும்வரை இடர் விற்றவரையே சாரும்; ஆனால் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மூன்றெழுத்துத்தானே என்று அலட்சியமாகக் கையெழுத்திடுபவர், அந்த மூன்றெழுத்தில் தம் மூன்று இலட்சம் தொங்குவதை மறந்துவிடுகிறார்.

இவ்வளவும் அனுப்புமுன் செய்ய வேண்டியவை. பெட்டி வந்து சேர்ந்தபின் செய்ய வேண்டியவை இவற்றினும் முக்கியமானவை. ஏனெனில் இங்கே காலம் நம் பகைவன். மான்ட்ரியால் உடன்படிக்கைப்படி, புகார் கூறாமல் சரக்கைப் பெற்றுக் கொண்டால், அது நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்றே முதல் நோக்கில் கொள்ளப்படும். சேதத்தைக் கண்டவுடன், எவ்வாறாயினும் பெற்றுக் கொண்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், எழுத்து மூலம் புகார் செய்தாக வேண்டும். இக்கெடு தவறினால், நிறுவனத்தின் மோசடியை நிரூபித்தாலன்றி, அதன் மேல் வழக்கே இல்லை. வழக்குத் தொடுக்க 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் 14 நாள் கெடுவைத் தவறவிட்டவருக்கு அந்த 2 ஆண்டுகளால் பயன் ஒன்றும் இல்லை.

ஆகவே, பெட்டியைக் கொண்டு வந்தவர் நிற்கும்போதே அதன் ஆறு பக்கங்களையும் பார்க்க வேண்டும். நசுங்கலோ கிழிசலோ ஈரமோ இருந்தால், 'நல்ல நிலையில் பெற்றுக் கொண்டேன்' என்று கையெழுத்திடாமல், கண்ட குறையைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது தொடர்ச்சியாகப் படம் எடுத்துக் கொள்ள வேண்டும். பெட்டியையும் பஞ்சையும் ஒட்டுச்சீட்டுகளையும் எறிந்துவிடக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அவையே சாட்சிப் பொருள்கள். காப்பீடு இருக்கிறதே என்று சரக்கு நிறுவனத்துக்குப் புகார் எழுதாமல் இருப்பதும் பிழை. நமக்கு ஈடு கொடுத்தபின், நம் இடத்தில் நின்று சரக்கு நிறுவனத்திடம் கேட்கும் உரிமை காப்பீட்டாளருக்கு உண்டு. அவ்வுரிமையை நம் சோம்பலால் அழித்துவிட்டால், அவர் நம் ஈட்டை மறுக்கவோ குறைக்கவோ முற்படுவார்.

கண்ணுக்குத் தெரியாத சேதமே ட்ரோனில் பெரும் சிக்கல். கையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. உள்ளே சற்றே தளர்ந்த ஒரு கம்பி. நிலை உணர்கருவியில் ஒரு சிறு கோணல். வெளியே பார்த்தால் கருவி புதியது போலவே இருக்கும். வந்த மகிழ்ச்சியில் உடனே வானில் ஏற்றினால், அது சில நிமிடங்களில் விழுந்து நொறுங்கலாம். அதன்பின், பயணத்தில் நேர்ந்த சேதம் எது, பறக்கையில் நேர்ந்த சேதம் எது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. சரக்கு நிறுவனம், 'இது நீர் பறக்கவிட்டதனால் வந்தது' என்னும். பாதுகாப்புத் திட்டத்தார், 'இது முன்பே பழுதுபட்டிருந்தது' என்னலாம். இரு வாயிலும் அடைபடும். எனவே, தரையில் வைத்தே இறக்கைகள், கைகள், கிம்பல், மின்கலம், உணர்கருவிகள் அனைத்தையும் சோதித்து, அச்சோதனையையும் படமாகப் பதிவு செய்து, ஐயம் சிறிது இருப்பினும் பறக்கவிடாமல் நிறுத்திவிடுவதே அறிவுடைமை. அவ்வாறு செய்தால் பயணச் சேதம் சரக்குக் காப்பீட்டின் கணக்கிலும், பிறகு நேரும் விபத்து பாதுகாப்புத் திட்டத்தின் கணக்கிலும் தெளிவாக நிற்கும்.

கருவியைச் சரக்காக அனுப்பாமல் தம் பயணச் சுமையுடன் கொண்டு செல்பவர்க்கும் சில சொற்கள். ஒப்படைத்த பெட்டியில் சேதம் நேர்ந்தால் புகார் செய்ய 14 நாளன்று, 7 நாளே உண்டு. ஒரு பயணியின் சுமைக்கு உரிய மொத்த வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 அலகு. கருவியுடன் பூட்டாத உபரி மின்கலங்களைப் பெட்டியில் போட்டு ஒப்படைக்கலாகாது. கைச்சுமையிலேயே கொண்டு செல்ல வேண்டும். மின்கலத்தின் வோல்ட் எண்ணை ஆம்பியர்-மணி எண்ணால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அது 100க்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். 160க்கு மேற்பட்டால் பயணச் சுமையில் கொண்டு செல்லவே இயலாது. இந்தியாவிலிருந்து புறப்படும்போதே, கருவியின் வரிசை எண்ணைக் காட்டிச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று பெற்று வைத்துக் கொள்ள வேண்டும். திரும்பி வருகையில், 'இது நான் கொண்டு சென்ற பொருளே' என்று காட்ட அச்சான்று உதவும். பழுது பார்ப்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்புவோரும், திரும்ப வரும் வழியைச் சுங்க இலாகாவிடம் கேட்டறிந்த பின்னரே அனுப்புதல் வேண்டும்.

நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் என் செய்வது? சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழ்வோருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரும் உதவி புரிந்துள்ளது. பொருளையோ காப்பீட்டையோ சென்னையில் வாங்கியிருப்பினும், தாம் குடியிருக்கும் ஊரிலோ பணிபுரியும் ஊரிலோ உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். நாகபுரியில் வாழ்பவர் வழக்குக்காகச் சென்னைக்கு இரயில் ஏற வேண்டியதில்லை. வாணிப நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்ற விதி இருந்தபோதிலும், சொந்தத் தொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிய கருவிக்கு அச்சட்டம் இடம் தருகிறது. 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இயங்குகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் மேல் குறை இருந்தால், முதலில் அந்நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வாராவிடினும், வந்த பதில் மனநிறைவு அளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

பாதுகாப்புத் திட்டம் வேண்டாத ஒன்று என்பது நம் கருத்தன்று. மரத்தில் மோதி விழுந்த கருவிக்கும் ஏரியில் வீழ்ந்த கருவிக்கும் அது கைகொடுக்கும். அதன் எல்லை எது என்று அறிந்து வாங்குவதே வேண்டப்படுவது. ஆதலின், கருவி கடல் கடக்குமுன் ஐந்து கேள்விகளை எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விடை பெறுக. திட்டம் எந்நாள் தொடங்குகிறது, பயணச் சேதம் அதில் உட்படுமா? இடர் எந்த இடத்தில் கை மாறுகிறது? சரக்குச் சீட்டில் போக்குவரத்துக்கான மதிப்பு எழுதப்பட்டதா? காப்பீடு எத்தொகுதியில், எத்தொகைக்கு எடுக்கப்பட்டது? பெறுபவருக்கு 14 நாள் கெடுவைப் பற்றிச் சொல்லியாகிவிட்டதா? இவ்வைந்துக்கும் விடை கையில் இருக்குமாயின், பெட்டி உடைந்து வந்தாலும் அதன் விலை நம்மை விட்டுப் போகாது.